ஒரு சோறு பதமாகுமா? கற்றல் கோட்பாடும் நிரலின் சரித்தன்மையும்

எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு விதியைக் கணினி கற்றுக்கொள்ள எத்தனை எடுத்துக்காட்டுகள் வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும், கற்றதை எவ்வளவு நம்பலாம் என்று ஆராயும் துறை கணிமைக் கற்றல் கோட்பாடு எனப்படுகிறது. ஒரு நிரல் தனக்கு வகுக்கப்பட்ட விவரக்குறிப்பின்படி எல்லா உள்ளீடுகளுக்கும் இயங்குகிறதா என்ற கேள்வி நிரலின் சரித்தன்மை எனப்படுகிறது. இவை தனித்தனித் துறைகளாக வளர்ந்தாலும் இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: பார்த்த சிலவற்றைக் கொண்டு பார்க்காத பலவற்றைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி இதற்கு ஒரு விடை தருகிறது. பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு என்பதால் அந்த விடை சோற்றுக்குப் பொருந்தும். நிரலுக்கு இது பொருந்துமா, பொருந்தினால் எந்த நிபந்தனையில் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கணினியே நிரல் எழுதும் காலத்தில், சோதனைகளில் தேறியது என்ற ஒரே காரணத்தால் ஒரு நிரலைச் சரியானது என்று ஏற்கும் வழக்கம் பெருகுகிறது. அதனால் இக்கேள்விக்கு இன்று நடைமுறை முக்கியத்துவம் கூடியுள்ளது.

இரண்டு மரபுகள்

நிரலின் சரித்தன்மையைக் கணித முறையில் நிறுவலாம் என்ற எண்ணம் கணினியளவு பழமையானது. ஆலன் டூரிங் 1949-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், தொடர்பெருக்கம் கணக்கிடும் ஒரு சிறு நிரலை எடுத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று குறித்துச் சரிபார்க்கும் முறையை விளக்கினார். ராபர்ட் ஃபிளாய்டு 1967-இலும் டோனி ஹோர் 1969-இலும் இதை முறையான தருக்கமாக்கினர். நிரல் தொடங்கும்போது இருக்கவேண்டிய நிலை முன்நிபந்தனை. முடியும்போது இருக்கவேண்டிய நிலை பின்நிபந்தனை. மடக்கு எத்தனை முறை சுற்றினாலும் மாறாமல் உண்மையாக நிற்கும் கூற்று மாறாநிலை. இவற்றைக் கொண்டு எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே நிறுவல் தரலாம். சோதனையால் வழு இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, இல்லாததைக் காட்ட முடியாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தியது இந்த மரபிலிருந்துதான்.

மற்ற மரபு முழு உறுதியைக் கேட்பதில்லை. லெஸ்லி வேலியண்ட் 1984-இல் வெளியிட்ட கற்கத்தக்கவை பற்றிய கோட்பாட்டுக் கட்டுரை அதன் தொடக்கப் புள்ளி. அவருக்கு 2010-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தபோது எடுத்துச் சொல்லப்பட்ட பணிகளில் இதுவும் ஒன்று. கற்கும் நிரல் தவறே செய்யக்கூடாது என்று கேட்டால் எதையும் கற்க முடியாது. ஆகவே வேலியண்ட் இரண்டு சலுகைகள் தந்தார். கற்ற விதி சிறிதளவு தவறலாம். இது பிழை வரம்பு. மாதிரிகள் கெட்ட நேரத்தில் விசித்திரமாக அமைந்து, கற்றல் மொத்தமாகத் தோற்கவும் சிறு வாய்ப்பு இருக்கலாம். இது ஐய வரம்பு. இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டால், அநேகமாக, ஏறத்தாழச் சரியான விதியை நியாயமான நேரத்தில் கற்கக்கூடிய வகைகள் எவை என்று துல்லியமாகப் பேசலாம்.

சோதனையும் கற்றலின் ஒரு வகையே

இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டும் நிரலை எல்லா உள்ளீடுகளிலும் சோதிக்க, நொடிக்கு 100 கோடி சோதனை நடத்தினாலும் ஏறத்தாழ 585 ஆண்டுகள் ஆகும். எனவே சோதனை என்பது எப்போதும் மாதிரி எடுப்பதுதான். எலேன் வேயூக்கர் 1983-இல் இந்த உறவை வெளிப்படையாகப் பேசினார். ஒரு சோதனைத் தொகுப்பை மட்டும் ஒரு கற்பானிடம் கொடுத்தால், அவர் அதிலிருந்து சரியான நிரலை ஊகிக்க முடியுமானால் அத்தொகுப்பு போதுமானது என்பது அவர் கருத்தின் சாரம். கற்பவர் எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குப் போகிறார். சோதிப்பவர் விதியிலிருந்து எடுத்துக்காட்டுகளுக்குத் திரும்புகிறார். பாதை ஒன்றுதான்.

அப்படியானால் கற்றல் கோட்பாட்டின் கணக்கைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். ஒரு நிரல் ஆயிரத்தில் ஒரு முறைக்கு மேல் தவறாது என்று 95% உறுதியுடன் சொல்ல, பயன்பாட்டில் வரும் அதே பரவலிலிருந்து எழுந்தமானமாக எடுத்த சுமார் 3,000 உள்ளீடுகளில் அது பிழையின்றித் தேறினால் போதும். நிரல் பத்து வரியா, பத்து லட்சம் வரியா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இது கோட்பாட்டின் உண்மையான பலம்.

ஆனால் இந்த எண்ணிக்கைக்குள் எளிதில் கண்ணில் படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. சோதனைகளைப் பார்க்கும் முன்பே நிரல் முடிவாகியிருக்கவேண்டும். சோதனையில் தோற்ற நிரலைத் திருத்தி, அதே சோதனைகளை மறுபடி ஓட்டித் தேறவைத்தால், அந்தத் தேர்ச்சி பழைய மதிப்பை இழக்கிறது. அங்கே நடப்பது சரிபார்ப்பு அல்ல, கற்றல். கற்றலுக்குக் கோட்பாடு கேட்கும் விலை வேறு: எத்தனை விதிகளிலிருந்து ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அந்த எண்ணிக்கையின் மடக்கைக்கு ஏற்ப மாதிரிகளும் கூடவேண்டும். 1,000 பிட், அதாவது 125 பைட் அளவுள்ள நிரல்கள் அனைத்திலிருந்தும் சோதனைக்கு ஒத்துவரும் ஒன்றைத் தேர்ந்ததாகக் கொண்டால், அதே ஆயிரத்தில் ஒன்று, அதே 95% உறுதிக்கு ஏறத்தாழ 6,96,000 சோதனைகள் தேவை. 3,000 எங்கே, 6,96,000 எங்கே. கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவனின் மதிப்பெண்ணுக்கும், கிடைக்காத மாணவனின் மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இது. தேறும்வரை திரும்பத் திரும்ப எழுதவைத்துப் பெறப்படும் தானியங்கி நிரல்களுக்கு இந்த எச்சரிக்கை நேரடியாகப் பொருந்தும்.

பரவல் என்ற நிபந்தனை

இன்னொரு நிபந்தனை இதைவிடக் கடுமையானது. கற்கும்போது மாதிரிகள் எந்தப் பரவலிலிருந்து வந்தனவோ, பயன்படுத்தும்போதும் உள்ளீடுகள் அதே பரவலிலிருந்தே வரவேண்டும். அந்தப் பரவல் எதுவாகவும் இருக்கலாம், அதை யாரும் அறிந்திருக்கத் தேவையில்லை என்பது வேலியண்டின் வரையறையின் தாராளம். ஆனால் அது மாறக்கூடாது. இந்த நிபந்தனை மூன்று விதமாக உடையும். மூன்றுக்கும் கணினி வரலாற்றில் சான்று உண்டு.

முதலாவது, பரவல் எதுவென்று தவறாக எண்ணிக்கொள்வது. 1994-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது இன்டெல் பென்டியம் சில்லு சில வகுத்தல்களில் தவறுவதைக் கண்டார். வகுத்தலுக்கான அட்டவணையில் இருக்கவேண்டிய 1,066 மதிப்புகளில் 5 விடுபட்டிருந்தன. எழுந்தமானமாக எடுத்த 900 கோடி வகுத்தல்களில் ஒன்றுதான் தவறும், சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதைச் சந்திப்பார் என்றது இன்டெல். கணக்கேடுகளில் வரும் எண்கள் எழுந்தமானமானவை அல்ல, ஒரு நாளில் நடக்கும் வகுத்தல்களும் மிக அதிகம் என்று எடுத்துக்கொண்ட ஐபிஎம், 24 நாளுக்கு ஒருமுறை தவறு நேரலாம் என்றது. சில்லு ஒன்றே, வழுவும் ஒன்றே. பரவலைப் பற்றிய அனுமானம் மாறியதும் 27,000 ஆண்டு 24 நாளாகச் சுருங்கியது. சில்லுகளை மாற்றித்தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இரண்டாவது, பரவல் இடையில் மாறுவது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தி தன் முதல் பயணத்தில் சுமார் 40 நொடிகளில் சிதறியது. அதன் திசையறி அமைப்பின் மென்பொருள், பல முறை வெற்றியாகப் பறந்த ஏரியன் 4-இலிருந்து எடுத்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 32,767-க்கு மேற்பட்ட எண் அதில் அடங்காது. ஏரியன் 4-இன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு உயரவே இல்லை. ஏரியன் 5 வேகமாகக் கிடைமட்ட வேகம் பெறும் ஊர்தி; அதில் உயர்ந்தது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த இரண்டாவது அமைப்பிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. முந்தைய வெற்றிகள் பொய்யல்ல. அவை வேறொரு பானையில் எடுத்த சோறு.

மூன்றாவது, உள்ளீட்டை எதிரியே தேர்ந்தெடுப்பது. ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 முதல் இருந்து 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் வழு இதற்குச் சான்று. ஒரு கணினி அனுப்பும் செய்தியின் நீளம் இவ்வளவு என்று அதுவே சொல்லும். அந்த நீளம் உண்மையா என்று நிரல் சரிபார்க்கவில்லை. சிறு செய்தியை அனுப்பிவிட்டுப் பெரிய நீளத்தைச் சொன்னால், ஒருமுறைக்கு 64 கிலோபைட் வரை அடுத்தவர் நினைவகத்திலிருந்து பறிக்கலாம். நேர்மையான பயனர் எவரும் தம் செய்தியின் நீளத்தைப் பொய்யாகச் சொல்வதில்லை. இயல்பான பயன்பாட்டுப் பரவலில் இந்த உள்ளீட்டின் நிகழ்தகவு ஏறத்தாழச் சுழியம். ஆகவே அந்தப் பரவலில் இந்நிரல் மிக மிகச் சரியானது. திருடன் பரவலைப் பின்பற்றுவதில்லை என்பதுதான் சிக்கல்.

பரவல் மாறாமல் நின்றாலும், தேவைப்படும் நம்பகம் மிக உயர்ந்தால் கணக்கு கைமீறிப் போகும். பயணிகள் விமானத்தின் உயிர்நாடியான பாகங்களுக்கு, 100 கோடி மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பேரழிவுப் பழுது கூடாது என்பது அளவுகோல். இதைச் சோதனையால் மட்டும் 95% உறுதியுடன் காட்ட ஏறத்தாழ 300 கோடி மணி நேரம், அதாவது 3,42,000 ஆண்டுகள் பழுதின்றி ஓட்டவேண்டும். நாசாவைச் சேர்ந்த ரிக்கி பட்லரும் ஜார்ஜ் ஃபினெல்லியும் 1990-களின் தொடக்கத்தில் இவ்வகை வாதத்தையே முன்வைத்து, இது நடைமுறையில் இயலாது என்று காட்டினர்.

நிறுவலின் எல்லை

இவ்வளவையும் கொண்டு, நிறுவல் ஒன்றே வழி என்று முடித்துவிட முடியாது. நிறுவலுக்கும் அதன் பானை உண்டு. அதன் பெயர் விவரக்குறிப்பு. ஜான் பென்ட்லி 1980-களில் இருமத் தேடல் நிரலை மாறாநிலையைக் கொண்டு சரியென்று விளக்கிப் புகழ்பெற்றார். அவரிடம் பயின்ற ஜோஷுவா பிளாக், ஜாவா மொழிக்குத் தாம் எழுதிய இருமத் தேடலிலும் பென்ட்லியின் நிரலிலும் ஒரே வழு இருந்ததை 2006-இல் அறிவித்தார். தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவிடத்தைக் காணும் வரிதான் அது. 32 பிட் முழு எண்ணில், அணியின் உறுப்புகள் சுமார் 107 கோடியைத் தாண்டினால் அந்தக் கூட்டுத்தொகை எல்லை மீறி எதிர் எண்ணாகிவிடும். ஜாவாவில் இந்த வழு ஏறத்தாழ 9 ஆண்டுகள் கண்டறியப்படாமல் கிடந்தது. நிறுவலின் தருக்கத்தில் பிழை இல்லை. கணித முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, கணினி முழு எண்ணுக்கு உண்டு என்பதை நிறுவல் கணக்கில் கொள்ளவில்லை.

ரிச்சர்ட் டிமில்லோ, ரிச்சர்ட் லிப்டன், ஆலன் பெர்லிஸ் மூவரும் 1979-இல் எழுப்பிய எதிர்ப்பு இன்னும் ஆழமானது. கணித நிறுவல்கள் நம்பப்படுவதற்குக் காரணம் பலர் அவற்றைப் படித்து, விவாதித்து, பயன்படுத்துவதே; நிரலின் நிறுவல்கள் நீண்டு சலிப்பூட்டுபவை, அவற்றை யாரும் படிக்கப்போவதில்லை என்றனர் அவர்கள். நிறுவலின் ஒவ்வொரு அடியையும் கணினியே சரிபார்க்கும் கருவிகள் வளர்ந்தபின் இந்த வாதத்தின் கூர்மை குறைந்தது. ஆனால் விலை குறையவில்லை. 2009-இல் முழுமையாக நிறுவப்பட்ட எஸ்இஎல்4 இயங்குதளக் கருவில் சுமார் 8,700 வரி சி நிரல். அதற்கான நிறுவல் சுமார் 2 லட்சம் வரி.

அந்த விலைக்குக் கிடைக்கும் பலனை ஒரு சோதனையே உறுதிப்படுத்தியது சுவையானது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுந்தமானமாக சி நிரல்களை உருவாக்கும் சிஸ்மித் கருவியைக் கொண்டு பல நிரல்பெயர்ப்பிகளைத் தாக்கி, 325-க்கும் மேற்பட்ட புதிய வழுக்களைக் கண்டதாக 2011-இல் தெரிவித்தனர். சேவியர் லெராயின் தலைமையில் உருவான கம்ப்செர்ட் பெயர்ப்பியில் அவர்கள் கண்ட வழுக்கள், நிறுவப்படாத பகுதிகளில் இருந்தவை. நிறுவப்பட்ட மையப் பகுதியில் அவ்வகை வழு ஒன்றும் சிக்கவில்லை.

இரண்டும் சேரும் இடம்

எல்லா நிரல்களுக்கும் சரித்தன்மையைத் தீர்மானிக்கும் பொதுவான படிமுறை இருக்கவே முடியாது என்பது ரைஸ் தேற்றத்தின் (1953) விளைவு. ஆகவே நிறுவலில் எங்கோ ஓரிடத்தில் ஊகம் தேவைப்படுகிறது. பெரும்பாலும் அந்த இடம் மாறாநிலையைக் கண்டுபிடிப்பது. கற்றல் கோட்பாட்டுக்கு உரிய வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒன்று முதல் வரிசையாக எண்களைக் கூட்டும் மடக்கை எடுத்துக்கொள்ளலாம். முதல் நான்கு சுற்றுகளில் தொகை 1, 3, 6, 10. கற்கும் நிரல் இவற்றைப் பார்த்து, தொகை எப்போதும் 11-ஐவிடக் குறைவு என்று ஊகிக்கலாம். தொகையின் இருமடங்கு, சுற்று எண்ணையும் அதற்கடுத்த எண்ணையும் பெருக்கியதற்குச் சமம் என்றும் ஊகிக்கலாம். நான்கு மாதிரிகளுக்கும் இரண்டு ஊகங்களும் பொருந்துகின்றன. மாதிரிகளால் இவற்றைப் பிரிக்க முடியாது. சரிபார்ப்பான் ஒரே கேள்வியைக் கேட்கிறது: ஒரு சுற்றில் இது உண்மையானால் அடுத்த சுற்றிலும் உண்மையா? முதல் ஊகம் ஐந்தாம் சுற்றின் 15-இல் விழுகிறது. அந்த 15 புதிய எடுத்துக்காட்டாகக் கற்பானிடம் திரும்புகிறது. இரண்டாம் ஊகம் இயற்கணிதத்தால் எல்லாச் சுற்றுக்கும் நிற்கிறது. தொகையை 32 பிட் முழு எண்ணில் வைத்திருந்தால், சரிபார்ப்பான் அந்த எல்லையையும் அறிந்திருக்கும்போது, 65,536-ஆம் சுற்றில் தொகை எல்லை மீறுவதையும் அதுவே காட்டும்.

இந்த உரையாடலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் டேனா ஆங்லுயின். 1987-இல் அவர் காட்டிய முறையில், கற்பான் தனி உள்ளீடுகளைப் பற்றிக் கேட்கலாம்; தன் ஊகம் முழுவதும் சரியா என்றும் கேட்கலாம்; தவறானால் ஆசிரியர் எதிர்ச்சான்று தருவார். எழுந்தமான மாதிரிகளுக்காகக் காத்திருக்கும் மாணவன் இங்கே கேள்வி கேட்கும் மாணவனாகிறான். 2015-இல் ஜோரி டி ராய்ட்டரும் எரிக் போலும் இவ்வழியில் வந்த முறையால், இணையப் பாதுகாப்பு நெறிமுறையான டிஎல்எஸ்-இன் ஒன்பது செயலாக்கங்களை ஆராய்ந்து மூன்றில் புதிய பாதுகாப்புக் குறைகளைக் கண்டனர். மாறாநிலைகளை எடுத்துக்காட்டு, எதிர்ச்சான்று, நிலைமாற்றம் ஆகியவற்றிலிருந்து கற்கும் ஐஸ் என்ற சட்டகம் 2014-இல் வந்தது.

இம்முறைகளில் நிறுவலோடு இணைந்தவற்றின் சிறப்பு ஒன்று உண்டு. ஊகம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. அது எந்தப் பரவலில் கற்றது என்றும் யாரும் கேட்கத் தேவையில்லை. நிறுவல் சரியாக நின்றால், விவரக்குறிப்பின் எல்லைக்குள் எல்லா உள்ளீட்டுக்கும் அது நிற்கும்.

மதிப்பீடு

கற்றல் கோட்பாடு சரித்தன்மைக்கு மாற்று என்ற கருத்து நிற்காது. அது தரும் உறுதி ஒரு பரவலைச் சார்ந்தது. வகுத்தல், ஏவூர்தி, ஹார்ட்பிளீட் மூன்றிலும் பழுது அந்தச் சார்பில்தான் இருந்தது. அதே வேளையில், கையெழுத்தை அறிவது போன்ற பணிகளுக்கு எழுதிவைத்த விவரக்குறிப்பே கிடையாது. அங்கே நிறுவுவதற்கு ஒன்றும் இல்லை. அநேகமாக, ஏறத்தாழச் சரி என்பதே நேர்மையான அளவுகோல். விவரக்குறிப்பை எழுத முடிகிற இடத்தில் அந்த அளவுகோலோடு நின்றுவிடுவதுதான் குறை.

ஊகத்தைத் தேடுவதற்குக் கற்றல், தீர்ப்புச் சொல்ல நிறுவல், விவரக்குறிப்பு உலகோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சோதனை என்ற வேலைப் பங்கீடு மூன்றுக்கும் அவற்றின் இடத்தைத் தருகிறது. கணினி எழுதிய நிரல் ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது என்று காணும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அச்சோதனைகள் நிரல் எழுதப்படுவதற்கு முன் அதற்குத் தெரியுமா? நாளை வரும் உள்ளீடுகள் இன்று சோதித்தவற்றைப் போன்றவையா? உள்ளீட்டைத் தேர்ந்தெடுப்பவர் நல்லெண்ணம் உள்ளவரா? மூன்றில் ஒன்றுக்குச் சாதகமான பதில் இல்லையென்றாலும், அந்தத் தேர்ச்சி சரித்தன்மைக்குச் சான்றாகாது. ஒரு சோறு பதம் சொல்லும். பானையில் கல் இல்லை என்று சொல்லாது.